நாலு தாளில் தங்கச்சியின் முகம்

மச்சான்,

இந்த எழுத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். ஒரு எழுத்து கோட்டுக்கு மேலே பறக்கிறது, அடுத்தது கோட்டுக்குக் கீழே குந்தியிருக்கிறது. 'ண'வுக்கு எத்தனை சுழி என்று இன்னும் விரலால் மேசையில் கீறிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. எழுந்தால் இரவு முழுக்க வலை இழுத்தவன்போலத் தோள் வலிக்கிறது. எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகிய கை. கோணலைப் பொறுத்துக்கொண்டு வாசி.

எனக்கு முன்னால் மேசையில் நாலு தாள்கள் இருக்கின்றன. உன் மகள் வதனி அச்செடுத்துத் தந்தவை. நாலிலும் இடைவெளியே இல்லாமல் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் எறும்பு ஊர்ந்தாற்போல் நிறைந்திருக்கின்றன. முதல் தாளில் ஒரு சாய்ந்த கோடு, ஒரு ஒன்பது, ஒரு சின்ன ஜே என்று தொடங்கி, நாலாவது தாளின் அடியில் இரண்டு சமன் குறிகளோடு முடிகிறது. யாராலும் வாசிக்க முடியாது. வாசித்தாலும் பொருள் வராது. ஆனால் இது தங்கச்சியின் முகம், மச்சான். உன் மனைவியின் முகம். நீ கடைசி வரைக்கும் இன்னொரு முறை பார்க்காமல் போன முகம்.

அது எப்படி எழுத்தானது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், அது இவ்வளவு காலமும் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

நீ இறந்து முப்பத்தோராம் நாள் வதனி உன் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடித்துக் கொடுத்தாள். நல்ல தாளில், நாற்பது பக்கம். முன்னட்டையில் உன் படம். உள்ளே தங்கச்சிக்கென்று ஒரு பக்கம் விட்டு, அதில் படம் இல்லாததால் ஒரு குத்துவிளக்கைப் போட்டிருந்தாள். எல்லோரும் வாசித்தார்கள். நான் பக்கங்களைப் புரட்டினேன். அந்தக் குத்துவிளக்கில் என் கை நின்றது. அந்த நேரம் என் சட்டைப்பையில், அடையாள அட்டையின் உறைக்குள், தங்கச்சியின் படம் இருந்தது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு துண்டு. நான் கல்வெட்டை மூடிக்கொண்டு சாப்பாட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

பிறகுதான் வாசிகசாலையில் நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். உன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று யாரிடமும் கேட்காமல் நானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பிடிவாதம். எழுத்து ஓடத் தொடங்கியதும் எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. குருக்கள்மடம் என்ற பலகையைப் பார்த்துக்கொண்டு அறுபது வருடமாக அதே இடத்தில் பஸ்ஸால் இறங்கியிருக்கிறேன். அதில் ஊரின் பெயர்தான் எழுதியிருக்கிறது என்பதை ஒரு நாள் நானே வாசித்தபோது, பஸ் போன பிறகும் வீதியில் நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன். இருமல் மருந்துப் போத்தல், சீமெந்துப் பை, கோயில் திருவிழா நோட்டீஸ், ஒன்றையும் விடவில்லை. சந்தோசமாக இருக்கிறேன், மச்சான். நீ போன பிறகு எனக்கு இவ்வளவு சந்தோசம் வந்திருக்கிறது என்பதே நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. உன் படம் பிடிக்கும் கடையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தேன். அப்போதே கேட்டிருந்தால் நீ பழக்கியிருப்பாய். கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று உனக்குத் தெரிந்துவிடுமே.

உன் கடையில் நான் எப்படி வேலை செய்தேன் என்பது என் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் என்று நினைத்திருந்தேன். படம் கழுவுவேன், காயப்போடுவேன், வெட்டுவேன், உறையில் போட்டு அடுக்குவேன். உறையில் நீ பெயர் எழுதுவாய். எனக்கு அந்தப் பெயர் வெறும் கீறல். அதனால் வெளிச்சம் சரியா என்று பார்க்க நீ அடிக்கும் சோதனைத் துண்டுகளைக் குப்பையில் போடாமல் எடுத்து, முகம் தெரிகிற அளவுக்கு வெட்டி, உறையின் மூலையில் செருகி வைப்பேன். ஆள் வந்து கேட்டால் முகத்தைப் பார்த்து உறையைக் கொடுப்பேன். ஒரு நாளும் பிழைத்ததில்லை. "இவனுக்குப் பேரே கேக்கத் தேவையில்ல, ஆளப் பாத்தாப் போதும்" என்று நீ வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வாய். நானும் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

தங்கச்சி ஒரு நாள் சோறு கொண்டு கடைக்கு வந்தபோது, புதிதாக வாங்கிய விளக்கைச் சோதிக்க அவளை இருத்திப் படம் எடுத்தாய். அந்தப் படத்தின் சோதனைத் துண்டையும் வழக்கம்போல வெட்டி உறையில் செருகினேன். அதுதான் இது. அடுத்த மாரிக்கு அவள் இல்லை; அந்தத் துண்டை எடுத்து என் அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டேன். வதனிக்கு அப்போது நாலு வயது.

அதற்கு ஐந்து வருடம் கழித்து அந்த வெள்ளம் வந்தது. புளியந்தீவில் நம் கடை இருந்த ஒழுங்கை பள்ளம். வாவி ஏறினால் முதலில் நம் வாசலுக்குத்தான் வரும். நீ வதனியையும் உன் அம்மாவையும் பார்க்கக் குருக்கள்மடத்துக்குப் போயிருந்தாய், வீதியில் தண்ணீர் ஏறித் திரும்பி வர முடியவில்லை. பக்கத்துத் தையற்கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தாய். காத்தான்குடித் தையற்காரர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் வந்தார்.

"அண்ணன், உங்கட முதலாளி கோல் எடுத்தவரு. வீடு எண்டு எழுதின பெட்டிய மட்டும் மேல ஏத்தட்டாம். கடைப் பெட்டி போனாலும் போகட்டுமாம். எது எண்டு தெரியுந்தானே?"

"தெரியும்" என்றேன்.

அவர் தன் துணிக்கட்டுகளைத் தூக்கப் போய்விட்டார். அறைக்குள் இரண்டு தகரப் பெட்டிகள். ஒரே அளவு, ஒரே பச்சை நிறம், இரண்டிலும் வெள்ளைப் பெயின்ற்றால் உன் கையெழுத்து. பூட்டின் சாவி உன்னிடம். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அந்த இரண்டு கீறல்களையும் மாறி மாறிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தையற்காரர் பலகை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. இரண்டையும் அசைத்துப் பார்த்தேன். கனமாக இருப்பதுதான் பெறுமதியானது என்று முடிவெடுத்து, கனமானதை ஏணியில் ஏற்றிப் பரணில் வைத்தேன்.

இப்போது எழுதப்போகிற வரிக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும், மச்சான். மற்றப் பெட்டியையும் ஏற்ற எனக்கு நேரம் இருந்தது. தெம்பும் இருந்தது. ஏற்றவில்லை. இரண்டையும் ஏற்றினால், எது எதென்று தெரியாமல்தான் ஏற்றியிருக்கிறான் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். அதனால் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போனேன்.

வெள்ளம் வடிந்து நீ வந்து பெட்டியைத் திறந்த காட்சி எனக்கு இன்றைக்கும் போகவில்லை. அல்பமும் நெகற்றிவ்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகக் கிடந்தன. நல்ல தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாய். பிரிக்கப் பிரிக்கப் படம் உன் விரலோடு வழுவழுவென்று கழன்று வந்தது. இரண்டு நாள் இருந்து பிரித்தாய். ஒன்றும் மிஞ்சவில்லை. பரணில் ஊரார் எல்லோருடைய கலியாணங்களும் பூப்புனிதங்களும் ஒரு துளி ஈரம் படாமல் பத்திரமாக இருந்தன.

தையற்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "நான் வீட்டுப் பெட்டி எண்டுதானே சொன்னன்" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். நீ நிமிராமலே சொன்னாய்:

"அவனில பிழையில்ல. நான்தான் பெட்டிக்கு மாறி எழுதிப்போட்டன்."

நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு நீ உறைகளில் பெயர் எழுதிவிட்டு, பக்கத்திலேயே ஒரு சின்னப் படமும் ஒட்டத் தொடங்கினாய். "ஆக்களுக்கு லேசா இரிக்கும்" என்றாய். உன் எழுத்தில் உனக்கே நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்து அதற்கும் சேர்த்து வருந்தினேன். வருந்தினேனே தவிர, வாய் திறக்கவில்லை. சில மாதம் கழித்து ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பதி வந்து, வெள்ளத்தில் போன தங்கள் கலியாணப் படத்தை மறுபடி அடித்துத் தரச் சொன்னார்கள். அந்தப் பெண் படத்தைக் கையில் வாங்கி அழுதாள். நீ அவளுக்குத் தேநீர் எடுப்பித்துக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்காவது அந்தத் துண்டை எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டினால், "இது எப்பிடி உன்னட்ட?" என்பாய். முகம் பார்த்து உறை அடுக்கியதைச் சொல்ல வேண்டும். சொன்னால் பெட்டியின் கதையும் பின்னாலேயே வந்துவிடும். அதனால் அது என் அடையாள அட்டைக்குப் பின்னாலேயே இருந்தது. ஒரு தரம் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதைக் கண்டு யார் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் ஒன்றான "நங்கி" என்பதைச் சொன்னேன். தங்கச்சி என்றுதானே சொன்னேன், அது பொய்யில்லை.

இப்போது உன் இரண்டாம் வருடத் திவசம் வருகிறது. வதனி இந்த முறை புத்தகம் அடிக்கவில்லை. சுவிசிலும் கனடாவிலும் இருக்கிற உறவுகள் பார்ப்பதற்காக இணையத்தில் ஒரு பக்கம் செய்கிறாள். வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கடைகளுக்குப் பக்கம் செய்து கொடுப்பதுதானே அவளுடைய தொழில். அதில் போடுவதற்காக உன் அலுமாரியிலிருந்து ஒரு நீலமட்டைக் குறிப்புக் கொப்பியை எடுத்து வைத்திருந்தாள்.

"மாமா, அப்பா அழிஞ்சுபோன படமெல்லாத்தையும் எழுத்தில எழுதி வச்சிரிக்காரு. நீங்க வாசிங்க, நான் அடிக்கிறன்."

"நான் எழுத்துக் கூட்டி வாசிச்சா விடிஞ்சிரும் புள்ள."

"விடியட்டும். அவசரமில்ல. வகுப்புக்குப் போய் என்ன படிச்சீங்க எண்டு நானும் பாக்கத்தானே வேணும்."

உன் எழுத்தை நான் முதன்முதலாக வாசித்தது அன்றைக்குத்தான். "படம் ஆறு. கல்லடிப் பாலம், நல்ல காற்று. சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, கீழே போகிற தோணியைப் பார்க்கிறாள். படம் பதினொன்று. வதனிக்கு முதற் சோறு. இடப்பக்கம் வெளிச்சம் கூடிவிட்டது, என் பிழை." இப்படி ஒவ்வொன்றாக. நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவேன், அவள் தட்டுவாள். வெயில் சாய்ந்து முற்றத்துக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரே உற்சாகம். உன் குரலில் நான் பேசுவதுபோல் இருந்தது.

புதிதாக வாசிக்கப் பழகியவனுக்கு ஒரு கோளாறு உண்டு, மச்சான். சத்தம் முதலில் வரும். பொருள் அதற்குப் பின்னால் மெல்ல நடந்து வரும். உன்னைப்போலக் கண்ணால் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு வாசிக்க எனக்கு வராது. அதனால் படம் பத்தொன்பதை நான் சத்தமாக, பெருமையாக, கூட்டிக் கூட்டி வாசித்தேன்:

"கடைக்கு வந்திருந்தாள். புது விளக்குக்குச் சோதனை. சிரிக்கச் சொன்னேன், மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டாள், கண் சிரித்துவிட்டது. இதன் துண்டு ஒன்று மச்சானிடம் இருக்கிறது. அட்டை உறைக்குள் வைத்திருக்கிறான். நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் மற்றதையும் சொல்லவேண்டி வரும்."

கடைசிச் சொல்லை முடித்து மூச்சு விட்ட பிறகுதான் நான் என்ன வாசித்தேன் என்று எனக்கு விளங்கியது. வதனியின் விரல்கள் நின்றிருந்தன.

"மாமா, அது உங்களிட்ட இரிக்கா?"

சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து, அட்டைக்குப் பின்னாலிருந்து அதை உருவி மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். நாலு வயதில் பார்த்த முகம்.

"மத்தது எண்டு அப்பா எதச் சொல்றாரு?"

சொன்னேன். தையற்காரர், இரண்டு பெட்டி, கனம், எல்லாம் சொன்னேன். இரண்டாவது பெட்டியை ஏன் ஏற்றவில்லை என்பதையும் சொன்னேன். அவள் எழுந்து போய் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இத அப்பா இரிக்கக்குள்ள குடுத்திருக்கலாமே மாமா."

"ஓம் புள்ள."

"ஒரு தரமாவது பாத்திருப்பாரு."

"ஓம்."

தேநீர் ஆறிப்போனது.

மறுநாள் நான் போகாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். அவள்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டாள். துண்டை ஸ்கேன் பண்ணிக் கணினிக்குள் எடுத்திருந்தாள். ஏதோ ஒரு இடத்தில் அதைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். தங்கச்சியின் முகம் போய், திரை முழுக்க எழுத்தாகக் கொட்டியது. நான் பதறிப்போனேன்.

"என்ன புள்ள, அழிஞ்சிட்டா?"

"அழியல்ல மாமா. படத்துக்குள்ள இரிக்கிறதெல்லாம் இலக்கந்தான். அந்த இலக்கத்த எழுத்தா மாத்தினது. திருப்பி முகமாக்கவும் ஏலும்."

"இது என்ன பாசை?"

"ஒரு பாசையும் இல்ல. பெரிய ஏபிசி இருபத்தாறு, சின்னது இருபத்தாறு, இலக்கம் பத்து, ரெண்டு குறி. அறுபத்துநாலே எழுத்துத்தான்."

தமிழ் எழுத நான் இருநூற்று நாற்பத்தேழோடு மல்லுக்கட்டினேன். ஒரு முகத்துக்கு அறுபத்துநாலு போதுமாம். ஏன் படத்தைப் படமாகவே வைக்காமல் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

"படம் தனியா ஒரு இடத்தில இருந்தா, பக்கத்துக்கு அது எங்க இரிக்கு எண்டு ஒரு குறிப்புத்தான் இரிக்கும். ஆராவது பக்கத்த மட்டும் எடுத்து வேற இடத்தில வச்சா படம் கூடப் போகாது. படம் இரிக்க வேண்டிய இடத்தில வெறும் பெட்டிதான் தெரியும். எழுத்தாக்கி உள்ளுக்கே வச்சா, பக்கம் போற இடமெல்லாம் அம்மாவும் போவா."

"அப்ப எல்லாப் படத்தையும் இப்பிடியே வைக்கலாமே."

"பாரம் மாமா. மூணில ஒரு பங்கு கூடிரும். பெரிய படத்துக்குச் சரிவராது. அப்பாட படமெல்லாம் தனியாத்தான் இரிக்கி. இது சின்னன், தாங்கும்."

பாரம் என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தத் தகரப் பெட்டியின் பிடி உள்ளங்கையில் அழுத்தியது.

படம் யாருக்காவது தெரியாமல் போனால், அந்த இடத்தில் தெரிவதற்கு ஒரு வசனம் எழுதி வைக்க வேண்டுமாம். அதற்கு உன் வரியைப் போட்டாள்: வாயை இறுக்கிக்கொண்டாள், கண் சிரித்துவிட்டது. அதற்குக் கீழே, முன்பே அவள் எழுதி வைத்திருந்த ஒரு வரி இருந்தது. நானே வாசித்தேன். "அம்மாவின் மற்றப் படங்கள் வெள்ளத்தில் அழிந்தன."

"இத மாத்தவேணும் புள்ள" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா எழுதாத ஒண்ட நான் எழுதமாட்டன் மாமா. நீங்க எழுதித் தாங்க, அடிக்கிறன்."

அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் அவளுடைய வீட்டு விறாந்தையில் இருந்து எழுதினேன். மூன்று வசனம். பெட்டியை மாறித் தூக்கியது நான். எனக்கு வாசிக்கத் தெரியாமல் இருந்தது, தெரியும் என்று சொன்னேன். எழுதியவரின் எழுத்தில் பிழை இல்லை. அதன் கீழே என் பெயரை எழுதினேன். வதனி அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவோ முகம் பார்த்துப் பழகியவன், உன் மகளின் முகம் எனக்குப் பிடிபடவில்லை. போகும்போது இந்த நாலு தாள்களையும் அச்செடுத்துக் கையில் தந்தாள். "துண்டு என்னட்ட இரிக்கட்டும் மாமா. இத நீங்க வச்சிரிங்க."

நீ என்னைக் காப்பாற்றினாய் என்று இப்போது விளங்குகிறது. ஊருக்கு முன்னால் உன் கையெழுத்தைப் பொய்யாக்கி, என் பொய்யை நிமிர்த்தி வைத்தாய். உறைகளில் படம் ஒட்டியதும் வாடிக்கையாளர்களுக்காக அல்ல. அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் சொல்ல வருவதில்லை. ஏனென்றால் நீ காத்திருந்திருக்கிறாய், மச்சான். நான் வாசிக்க முடியாத கொப்பியில் அதை எழுதிவிட்டு, நானாகக் கொண்டுவந்து தருவேன் என்று இருபது வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்திருக்கிறாய். ஒரு கை நீட்டும் தூரத்தில், என் சட்டைப்பைக்குள் அவள் இருந்தாள். உனக்கும் அது தெரியும்.

இப்போது அட்டை உறைக்குள் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பஸ்ஸில் கை தானாகப் போய்த் தடவிவிட்டுத் திரும்புகிறது. அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். இந்த நாலு தாளையும் ஒரு கொப்பியில் என் கையால் பார்த்து எழுதுகிறேன். "ஒரு எழுத்துப் பிழைச்சாலும் முகம் கெட்டுரும், சும்மா இரிங்க" என்று வதனி சிரித்தாள். உன் கொப்பியை வாசித்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. முதல் தாளை முடித்துக் கொடுத்தேன். அவள் பொறுமையாக இருந்து, என் கையெழுத்தைப் பார்த்து அடித்தாள். தலைமுடி வந்தது, வகிடு வந்தது, நெற்றியும் வந்தது. பிறகு கண் வருகிற இடத்தில் சாம்பலாகக் கலங்கிவிட்டது. தேடிப் பார்த்தோம். ஓரிடத்தில் பூச்சியத்துக்குப் பதில் வேறு எழுத்தை எழுதியிருக்கிறேன். திருத்தினேன். கண் வந்தது, சிரித்துக்கொண்டுதான் வந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டவில்லை. அது நீ பார்க்க வேண்டிய கண்.

ஒரு நாளைக்குப் பத்து வரிக்கு மேல் என்னால் முடியாது. இரண்டாவது தாளைத் தொடங்கியிருக்கிறேன். அவசரப்பட மாட்டேன், தெரியாத எழுத்தை வதனியிடம் கேட்டே எழுதுவேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி உனக்கு எழுத உட்காரும்போது, அந்த இறுக்கிப் பிடித்த வாய் வந்திருக்கும்.